தூணின் காலடி

புனேயின் பழைய பேட்டைகளில் மிஞ்சி நிற்கும் வாடா எனும் மரபு வீடுகளில், மரத்தூண் நேராகத் தரையில் இறங்குவதில்லை. தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கருங்கல் இருக்கும். மராத்தியில் அதைத் தள்கடா என்பார்கள். எளிய வீட்டில் அது சதுரமாகக் கொத்திய கல். வசதியான வீட்டில் வளையமும் இதழும் வெட்டிய பீடம். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில், 1807இல் கட்டப்பட்ட விஸ்ராம்பாக் வாடா இரண்டு நூற்றாண்டு கடந்தும் மரத்தூண்களோடு நிற்கிறது. செட்டிநாட்டு வளவிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் இதே வழக்கம்தான். ஒருவரையொருவர் அறியாத தச்சர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்: தூணின் காலடி ஈரத்தைத் தொடக் கூடாது.

புனேவுக்கு மரத்தூண் இப்போது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. பாணேர், வாகட் பக்கத்து அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் பெர்கோலா. முல்ஷி, பவனா அணைக்கரைப் பண்ணைவீடுகளில் மரத்தளம், தாழ்வாரம், கார் நிறுத்தும் கொட்டகை. கல்லுக்குப் பதில் கான்கிரீட். கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் இடையில் வெல்டிங் கடையில் செய்த ஓர் இரும்புத் துண்டு. பேஸ் என்பார்கள், ஷூ என்பார்கள். ஒரு கொட்டகைக்கு ஆகும் செலவில் அதன் விலை மிகச் சிறியது. ஆனால் அந்தக் கொட்டகை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை மரத்தின் ரகத்தைவிடவும் பாலிஷைவிடவும் அதுவே அதிகம் முடிவு செய்கிறது. வீட்டுக்காரர் தேக்கின் விலையைப் பேசி முடித்து, பாலிஷின் நிறத்தையும் தேர்ந்தெடுத்த பிறகு, காலடி என்ன என்பதை ஃபேப்ரிகேட்டரிடம் விட்டுவிடுகிறார். இரும்பு வந்ததால் தூணின் காலடி முன்னேறியதா, பின்தங்கியதா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மரம் எப்படிக் கெடுகிறது என்பதில் தொடங்க வேண்டும். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்துக்குள் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வேரூன்றாது. மழையில் நனைவது மட்டும் ஆபத்தல்ல. நனைந்து காய்ந்துவிட்டால் மரம் தப்பிக்கும். நனைந்தது காயாமல் வாரக்கணக்கில் நிற்கும் இடமே ஆபத்து. தூணின் பக்கவாட்டு முகம் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அடியில் உள்ள வெட்டுமுகம் வேறு. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அங்கே வாய்திறந்து நிற்கின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அது உறிஞ்சும். ஆகவே தூணின் பலவீனம் முழுவதும் கடைசி ஒரு சாண் உயரத்தில் குவிந்திருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், தூணைக் குழியில் நிறுத்திச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. இன்றும் பண்ணைவீட்டு வேலைகளில் பரவலாகச் செய்யப்படுவதும் இதுதான். கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சிக் கடத்தும் பொருள். மரம் சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுகிறது. மழைநீர் அதில் இறங்கினால் வெளியேற வழியில்லை. அடியில் தார் பூசிவிட்டோம் என்று சொல்வார்கள். தார் பக்கத்தை மூடுகிறது. மேலிருந்து விரிசல் வழியே இறங்கிய நீரையும் உள்ளேயே மூடிவைக்கிறது. தேக்குக்கு ஒன்றும் ஆகாது என்பது அடுத்த நம்பிக்கை. மரப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 401, மண்ணில் புதைத்த சோதனைத் துண்டுகள் தாங்கும் காலத்தை வைத்து மரங்களைத் தரம் பிரிக்கிறது. முதல் தரத்துக்குத் தகுதி 120 மாதமும் அதற்கு மேலும். தேக்கின் வைரம், அதாவது நடுவே முற்றிய கட்டை, அந்தத் தரத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு என்பது ஒரு வீட்டின் தூணுக்கு ஆயுள் ஆகாது. அதுவும் வைரத்துக்குத்தான். சந்தைக்கு இன்று வரும் தோட்டத் தேக்கு இளமரம். வைரத்தைச் சுற்றி வெளிறிய வெளிக்கட்டையான வெள்ளை தடித்திருக்கும். வெள்ளைக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. பவானி பேட்டை மர மார்க்கெட்டில் வாங்கும் எவரும் வெட்டுமுகத்தைப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும்.

புதைத்த தூணுக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அது பக்கவாட்டில் சாயாது. மண்ணும் கான்கிரீட்டும் அதைப் பிடித்துக்கொள்வதால் மேலே எந்தச் சாய்வுக்கட்டையும் இல்லாமலே நிற்கும். பத்து நாள் பந்தலுக்கு இது போதும். பந்தக்காலை நட்டு வளர்ந்த நமக்கு இந்த முறை இயல்பாகவும் தோன்றும். நிலையான கட்டடத்துக்கு இந்த நியாயம் செல்லாது. பக்கவாட்டு உறுதியைத் தருவதே அந்தப் புதைந்த பகுதி. முதலில் இற்றுப்போவதும் அதே பகுதி.

வாடாவின் கல் வேறு கணக்கில் நிற்கிறது. தண்ணீர் விஷயத்தில் அதைக் குறைசொல்ல இடமே இல்லை. தக்காணத்துக் கருங்கல் நீரை அதிகம் உறிஞ்சாது. தரையைவிட உயரமாக இருப்பதால் தரை கழுவும் நீர் தூணைத் தொடாது. தூணின் அடி நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கிறது. கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் கல்லின் முகத்தில் கண்ணுக்குத் தெரியும். வாடாத் தூண்கள் கெட்டுப்போன இடங்களில் காரணம் பெரும்பாலும் பிற்காலத்துக் கை: தரையின் மேல் தரை போட்டு, சிமென்டும் டைல்ஸும் ஏறி ஏறிக் கல்லை விழுங்கிவிடும். கல் புதைந்ததும் தூணும் புதைந்த தூணாகிவிடுகிறது.

கல் செய்யாத வேலை ஒன்று உண்டு. அது தூணைப் பிடிப்பதில்லை. கழுந்தோ முளையோ இருந்தாலும் அது தூண் நகராமல் இருக்கத்தான்; மேலே தூக்கினால் தூண் கழன்று வந்துவிடும். அப்படியிருந்தும் வாடாக்கள் ஏன் காற்றில் பறக்கவில்லை? எடையால். வாடாவின் மாடித்தளம் பலகையின் மேல் கொட்டிக் கெட்டித்த மண். பத்து சென்டிமீட்டர் மண் என்றாலே சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கட்டத்தில் ஒரு தளமே ஒரு டன்னைத் தாண்டிவிடும். அதற்கு மேல் இன்னொரு தளம், அதற்கும் மேல் ஓடு. சுவரும் உத்திரமும் போதிகையும் சேர்ந்து சட்டத்தைச் சாயாமல் பிடித்தன. கல் பிடிக்க வேண்டிய தேவையே எழவில்லை. தச்சர் அதைக் கணக்கெழுதிச் செய்திருக்க மாட்டார். ஆனால் கணக்கு சரியாகவே இருந்தது.

இன்றைய பெர்கோலாவுக்கு அந்த எடை இல்லை. இங்கேதான் கல்லை மட்டும் பாராட்டிப் பேசுகிறவர்களோடு நான் முரண்படுகிறேன். 3 மீட்டருக்கு 4 மீட்டர் கூரை, பாலிகார்பனேட் தகடு, தேக்குச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 25 கிலோ என்று தாராளமாகக் கொண்டாலும் மொத்தம் 300 கிலோதான். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, புனேவுக்குத் தரும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. சுவரில்லாத கூரைக்கு அடியில் புகும் காற்று மேல்நோக்கித் தூக்கும். கூரையின் சரிவு, உயரம், சுற்றுப்புறம் ஆகியவற்றைப் பொறுத்து அந்த விசை கூடும், குறையும். அளவை உணர முழு அழுத்தத்தையும் வைத்துப் பார்த்தால் 12 சதுர மீட்டருக்கு 1,100 கிலோவுக்கு மேல் வருகிறது. கூரையின் எடை போக மிச்சம் 800 கிலோ. நான்கு தூண் என்றால் ஒவ்வொன்றையும் 200 கிலோ விசை பிடுங்குகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் ஸ்ரீவர்தன் அருகே கரையேறி, மலைத்தொடரைத் தாண்டி, புனே மாவட்டத்திலும் மரங்களைச் சாய்த்தது, கூரைகளைப் பெயர்த்தது. அரபிக்கடல் புயல் சகியாத்ரிக்கு இந்தப் பக்கம் வந்து என்ன செய்யும் என்று இருந்த நிம்மதி அன்றோடு போயிற்று. இலேசான கூரையைக் கல்லின் மேல் சும்மா வைத்துவிட்டு இருக்க முடியாது. பிடிக்க வேண்டும். பிடிக்க இரும்பு வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரும்புக் காலடியின் பக்கம் என் தராசு முதலில் சாய்கிறது.

நிலநடுக்கத்தைச் சேர்த்தால் அது இன்னும் சாயும். ஜப்பானியத் தச்சர்களும் நம்மைப் போலவே தூணைக் கல்லின் மேல் வைத்து வாழ்ந்தவர்கள். பின்னர் கீழ்ச்சட்டத்தில் கழுந்து இறக்கி நிறுத்தினார்கள். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தில் பல மரவீடுகளில் தூண்கள் கழுந்திலிருந்து உருவிக்கொண்டு வந்து, வீடுகள் சரிந்தன. 2000ஆம் ஆண்டு விதிமாற்றத்தில் தூணின் அடியையும் தலையையும் உலோகத்தால் பிணைப்பது அங்கே கட்டாயமாயிற்று. மகாராஷ்டிரத்துக்கும் அனுபவம் உண்டு. 1967 டிசம்பரில் கொய்னா, 1993 செப்டம்பரில் கில்லாரி. கில்லாரியில் உயிர்களைக் குடித்தது தடித்த கல்சுவரும் கூரையின் மண்பாரமும். மரச்சட்டம் சுவரைவிட நன்றாகத் தாங்கியது என்பதும் அங்கே கண்டதே. காற்றையும் நடுக்கத்தையும் அருகருகே வைத்தால், எடையால் நிறுத்துவது காற்றுக்கு நல்லது, நடுக்கத்துக்குக் கெட்டது என்று தெரியும். எடையைக் குறைத்துப் பிணைப்பைக் கூட்டுவதே இரண்டுக்கும் ஒத்துவரும் வழி.

ஆக, இரும்பு வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. எந்த இரும்பு என்பதில்தான் தகராறு.

புனேயில் பெரும்பாலும் செய்து தரப்படுவது மூடிய ஷூ. ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பேஸ் பிளேட். அதன் மேல் நான்கு பக்கமும் தகடு நிறுத்தி வெல்டிங் செய்த பெட்டி. நான்கு மூலையிலும் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை. ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கறுப்பு எனாமல் ஒரு கோட்டு. தூணைப் பெட்டிக்குள் இறக்கி, பக்கவாட்டில் இரண்டு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. பார்க்க வலுவாக இருக்கும். தொட்டால் அசையாது. வீட்டுக்காரருக்கு நம்பிக்கை தரும் வடிவம் இதுதான்.

அந்த நம்பிக்கை ஆதாரமற்றது. மூடிய ஷூ அடியில் துளையில்லாத ஒரு கிண்ணம். புனேயின் காற்று ஏப்ரல் பகலில் மிக வறண்டிருக்கும். ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே போகும். ஜூலையில் 80ஐத் தாண்டும். 150 மில்லிமீட்டர் தேக்குத்தூண் இந்த இரு பருவங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை சுருங்கி விரியக்கூடும். மார்ச்சில் சுருங்கிய தூணுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி. ஜூனின் முதல் மழை நேராக அந்த இடைவெளியில் இறங்குகிறது. பிறகு மரம் ஊதி இடைவெளியை மூடுகிறது. உள்ளே போன நீர் உள்ளேயே. தூணின் வெட்டுமுகம் நான்கு மாதம் அதில் நிற்கிறது. சிலிகான் வைத்து அடைக்கலாம் என்பார்கள்; இத்தனை அசைவில் சிலிகான் ஓரிரு பருவத்தில் விட்டுக்கொடுக்கும், விட்ட பிறகு நீர் வெளியேறும் வழியைத்தான் அடைத்துக்கொண்டிருக்கும். கான்கிரீட்டில் புதைத்த தூணை விட்டு விலக வந்தோம். மூடிய ஷூ அதே நிலைமையைத் தரைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறது.

இரும்பும் சேர்ந்து கெடுகிறது. பெட்டியின் உட்புறத்தைத் தூண் ஏறிய பிறகு யாரும் பெயின்ட் அடிக்க முடியாது. வெல்டிங் தெறித்த இடத்திலும் துளையின் விளிம்பிலும் முதலில் துரு பிடிக்கும். ஈரமான தேக்கு இரும்பைத் தொட்டால் மரம் கறுக்கும். செப்பு கலந்த மருந்தேற்றிய பைன் மரமானால் நிலைமை இன்னும் மோசம். அந்த மருந்து இரும்பையும் மெல்லிய துத்தநாகப் பூச்சையும் வேகமாக அரிக்கும். இதற்கு விடை, செய்து முடித்த காலடியை முழுதாகச் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. ஐஎஸ் 4759, ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த எஃகுக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் கேட்கிறது. சுமார் 85 மைக்ரான் தடிப்பு. ஜிஐ தகட்டை வாங்கி வெட்டி வெல்டிங் செய்வது இதற்கு ஈடாகாது. வெட்டிய இடத்திலும் வெல்டிங் இடத்திலும் துத்தநாகம் எரிந்துபோய்விடுகிறது. பாதுகாப்பு மிகத் தேவைப்படும் இடம் அதுவே. இத்தனை தொழிற்சாலைகள் சூழ்ந்த நகரத்தில் துத்தநாகக் குளியல் எட்டாத காரியம் இல்லை. நான்கு துண்டுக்காக யார் அனுப்புவது என்ற சலிப்புதான் தடை.

மூடிய ஷூவை ஏற்கக்கூடிய ஓர் இடம் உண்டு: ஆழமான தாழ்வாரத்துக்கு உள்ளே, சாரல் எட்டாத தூண். அங்கே அது பழுதில்லாமல் நிற்கும். வெயிலும் மழையும் படும் எந்த இடத்திலும் வேண்டாம் என்பேன்.

எதிர்முனையில் இருப்பது தூக்கி நிறுத்தும் காலடி. கான்கிரீட்டில் பதிந்த தகடு அல்லது தடித்த கம்பி. அதன் மேல் சிறு தட்டு. தட்டின் மேல் தூண். தூணின் அடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே காற்று. பக்கத் தகடு இரண்டு பக்கம் மட்டும், அல்லது தூணின் நடுவில் வாளால் கீறிய பள்ளத்துக்குள் மறையும் ஒற்றைத் தகடு. அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதி, கான்கிரீட் தளத்துக்கும் மருந்தேற்றாத மரத்தூணுக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம், 25 மில்லிமீட்டர், உயர்வு கேட்கிறது. திறந்த மண் என்றால் ஆறு அங்குலம். புனேவுக்கு ஓர் அங்குலம் போதுமா? நகருக்குள் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது; 65 கிலோமீட்டர் தள்ளி லோணாவளாவில் 4,000ஐத் தாண்டும். முல்ஷி மழைக்குத் தளத்தில் விழுந்து தெறிக்கும் துளி ஒரு சாண் எழும்பும். அங்கே 25 மில்லிமீட்டர் கணக்கு பற்றாது. தரைக்கு மேலே 15, 20 சென்டிமீட்டர் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன் தலையை வெளிப்பக்கம் சாய்த்து, அதன் மேல் இந்தக் காலடியை வைக்க வேண்டும். பீடம் தள்கடாவின் வேலையைச் செய்யும்; இரும்பு, தள்கடா செய்யாத வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்த இந்த அமைப்புதான் என் தேர்வு.

அதன் மேல் வரும் குற்றச்சாட்டுகளில் இரண்டு வலுவானவை. தட்டு சிறிது, பாரம் தாங்குமா என்பது முதல் கேள்வி. தாங்கும். நார் ஓடும் திசையில் மரத்தின் அமுக்கத் திறன் பெரிது. பத்து சென்டிமீட்டர் சதுரத் தட்டின் மேல் தேக்கு பல டன் ஏற்கும், பெர்கோலாவின் பாரம் அதன் அருகில்கூட வராது. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. இந்தக் காலடி பக்கவாட்டில் பிடிக்காது. தூண் அதன் மேல் கீல் போலத் திரும்பும். வெளிநாட்டு உற்பத்தியாளர்களே தங்கள் பட்டியலில், தலைப்பகுதியில் பிடிப்பில்லாத தூணுக்கு, வேலிக்கு, தனித்து நிற்கும் கார்க் கொட்டகைக்கு இதை நம்ப வேண்டாம் என்று எழுதுகிறார்கள். மூடிய ஷூவை ஆதரிக்கிற ஃபேப்ரிகேட்டர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: என் ஷூ ஆடாது. உண்மையில் அதுவும் அதிகம் பிடிப்பதில்லை. இருபது சென்டிமீட்டர் உயரப் பெட்டி, மூன்று மீட்டர் தூணின் தலையில் தள்ளும் காற்றை எதிர்க்க வேண்டுமானால் நெம்புகோலின் கணக்குப்படி பெட்டியின் விளிம்பில் பதினைந்து மடங்கு விசை வரும். மரம் அங்கே நசுங்கும். போல்ட் துளை நீளும். முதல் ஆண்டு ஆடாதது மூன்றாம் ஆண்டில் ஆடும். பக்கவாட்டு உறுதியைக் காலடியிடம் கேட்பதே தவறு. தூணின் தலையில் உத்திரத்துக்குச் சாய்வுக்கட்டை கொடுத்தால் அது கிடைத்துவிடும். வாடாவில் சுவரும் போதிகையும் செய்த வேலை அது. நேர்கோடுகளின் அழகுக்காகச் சாய்வுக்கட்டையை நீக்கச் சொல்லும் வடிவமைப்பாளர்கள் அந்த விசைக்கு வேறு வழி காட்டியாக வேண்டும். வரைபடத்தில் காட்டாதவரை அந்த அழகை நான் ஏற்க மாட்டேன்.

மறைந்த ஒற்றைத் தகட்டுக்கு ஒரு சொல். கண்ணுக்கு அதுவே சிறந்தது. தூண் காற்றில் மிதப்பது போலத் தோன்றும். ஆனால் வாள் கீறிய பள்ளம் மேலே திறந்திருந்தால் அதுவும் நீர்க்குழி. பள்ளத்தைத் தகட்டின் உயரத்துக்கு மட்டும் வெட்டி, கீழே திறந்து விடுகிற தச்சர் கிடைத்தால் செய்யலாம். கை துல்லியம் இல்லாதவரிடம் இரண்டு பக்கத் தகடு உள்ள எளிய வடிவமே பாதுகாப்பு.

இரும்பின் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு இந்த வேலைகளில் ஒருவரும் போதிய கவனம் தருவதில்லை. 200 கிலோ பிடுங்கும் விசைக்கு எதிராக இரும்பு தன் அடியிலுள்ள கான்கிரீட்டின் எடையைத்தான் நம்புகிறது. கான்கிரீட் கனமீட்டருக்கு 2,400 கிலோ. பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் கனசதுரம் 218 கிலோ. விசைக்குச் சரியாக ஈடு, மிச்சம் இல்லை. காற்றுக்கு ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் பக்கத்துக்கு 53 சென்டிமீட்டராகிறது. ஒரு முழம் ஆழக் குழியில் இரண்டு பாண்டு கான்கிரீட் கொட்டி அதன் மேல் எட்டு மில்லிமீட்டர் தகடு வைப்பது பணத்தை வீணாக்குவது. கரிசல் மண் உள்ள மனையில் குழி இன்னும் இறங்கி கெட்டியான முரும் சரளை தட்டும்வரை போக வேண்டும். அந்த மண் மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும், அதில் நிற்கும் கட்டை ஒவ்வோர் ஆண்டும் நகரும். ஆங்கர் போல்ட்டைக் கான்கிரீட்டின் விளிம்பை ஒட்டித் துளைத்தால் முடுக்கும்போதே மூலை பிளக்கும். 20 சென்டிமீட்டர் அகலப் பீடத்தில் நான்கு எக்ஸ்பான்ஷன் போல்ட்டுக்கு இடமில்லை. பீடம் ஊற்றும்போதே ஜே வடிவில் வளைத்த கம்பியையோ, அடித்தகடு வெல்டிங் செய்த நடுக்கம்பியையோ உள்ளே பதித்துவிடுவது மேல். ஏற்கனவே ஊற்றிய கான்கிரீட்டானால் கெமிக்கல் ஆங்கர், அதுவும் துளையின் தூசியை ஊதித் துடைத்த பிறகு.

மொட்டைமாடி விவகாரம் தனி. புனேயின் பெரும்பாலான அடுக்குமாடிகளில் ஸ்லாபின் மேல் செங்கல் சல்லியும் சாந்தும் சேர்த்த கோபா இருக்கிறது, பத்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ. அதன் முகத்தில் உடைத்த பீங்கான் சில்லு. மழைநீரைத் தடுப்பது அதுதான். பெர்கோலாவுக்காக அதில் துளை போட்டால் இரண்டு தீங்கு ஒன்றாக நடக்கிறது. நீர்த்தடுப்பு உடைந்து கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். பத்து சென்டிமீட்டர் போல்ட் முழுவதும் கோபாவுக்குள்ளேயே முடிந்து, ஸ்லாபைத் தொடாமலே நின்றுவிடும். செங்கல் சல்லியைப் பிடித்திருக்கும் போல்ட், புயலில் எதையும் பிடிக்காது. பத்தாவது மாடியில் காற்று தரையைவிடக் கடுமையாக வீசும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல காலடியாக இருந்தாலும் மாடியின் கோபாவில் துளைத்து வைப்பதற்கு என் தீர்ப்பு கூடாது என்பதே. கட்டடத்தின் தூண் தலைகள் கைப்பிடிச்சுவர்வரை எழும்பியிருந்தால் அவற்றோடு பிணைக்கலாம். இல்லையென்றால் ஸ்லாப் தாங்குமா என்று பொறியாளரிடம் கணக்குக் கேட்டு, எடையுள்ள கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தலாம். இரண்டும் இயலாது என்றால் கூரைத் தகடு போடாமல், காற்று ஊடுருவிப் போகும் வெறும் சட்டமாக விடலாம். தூக்கும் விசையில் பெரும்பங்கு அதோடு போய்விடும்.

பழைய வாடாக்களைப் புதுப்பிக்கும்போது சிலர் தள்கடாவை அகற்றி இரும்புத் தகடு வைத்து போல்ட் அடிக்க நினைக்கிறார்கள். மண் தளமும் ஓடும் அப்படியே இருக்கிற கட்டடத்தில் காற்று தூக்கும் பேச்சே எழாது. இரும்பு அங்கே ஒரு நன்மையும் செய்யாமல் வெட்டுமுகத்தின் கீழே பனித்து ஈரம் சேர்க்கும். இற்றுப்போன அடியை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலிருந்து எடுத்த துண்டை இணைப்பு வெட்டிச் சேர்த்து, கல்லை மூடியிருக்கும் சிமென்டைப் பெயர்த்தெடுப்பதே சரியான மருத்துவம். மண் தளத்தை நீக்கிக் கட்டடத்தை இலேசாக்கியிருந்தால் கணக்கு மாறும். அப்போது பிணைப்பு வேண்டும், அதைக் கல்லைத் துளைத்து இறக்கும் துருவேறா எஃகுக் கம்பியால் செய்யலாம், கல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டுகிறவர் ஃபேப்ரிகேட்டரிடம் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. பெட்டி வேண்டாம், இரண்டு பக்கத் தகடு போதும். தூணின் அடி பீடத்தைத் தொடக் கூடாது. தட்டின் நடுவே நீர் வடிய ஒரு துளை. துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு துத்தநாகக் குளியல். போல்ட்டும் வாஷரும் அதே தரத்தில். தூணை நிறுத்தும் முன் வெட்டுமுகத்துக்கு இரண்டு மூன்று முறை எண்ணெயோ மருந்தோ குடிக்கக் கொடுப்பது தச்சரின் வேலை. அதை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூண் நின்ற பிறகு அந்த முகத்தைத் தூரிகை எட்டாது.